சிவப்பு நாற்காலியின் பின்னால்

என் அம்மாவுக்குத் தெரு தெரியும், தெருக்கள் தெரியாது. தான் நிற்கும் தெருவில் எந்த மாடியில் என்ன நிறப் புடவை காய்கிறது, எந்த வாசலில் இருப்பது நேற்றைய கோலம், எந்தக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். அந்தத் தெரு முடிந்து இன்னொன்று தொடங்கும் முனையில்தான் நின்றுவிடுவாள். வலமா இடமா என்ற கேள்வி அவளுக்குள் எந்த விடையையும் எழுப்புவதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு காலை, முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தபோது, அவளுடைய மூளையில் சிறு ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. பேச்சும் கையும் காலும் சில வாரங்களில் திரும்பி வந்தன. வழி மட்டும் வரவில்லை. மருத்துவர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார்: பூவெல்லாம் அப்படியே இருக்கிறது, கட்டுகிற நார்தான் அறுந்துவிட்டது. மீண்டும் வளருமா என்று அப்பா கேட்டதற்கு அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்மா கடலூர் சாலையில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, முறை வரும்போது உள்ளே அனுப்பும் வேலை. வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவுதான். நிலையத்தை நடத்துகிறவர் அவளுடைய இடத்தை வேறு யாருக்கும் தராமல் வைத்திருந்தார். தானாக வந்து தானாகத் திரும்ப முடிந்தால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்தத் 'தானாக' என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா ஒரு பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலையில் இருக்கிறார். காலையில் போனால் இரவு உணவுக்குத்தான் வருவார். நான் லாஸ்பேட்டையில் இருக்கும் கல்லூரியில் தமிழ் முதுகலை படிக்கிறேன். பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான். ஆவணி மாதத்தில் கறிவேப்பிலை வாங்கப் போனவளை, மதியம் கடந்து, ஓர் ஆட்டோக்காரர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் பகல் முழுவதும் அரியாங்குப்பத்தில் சித்தி வீட்டில் அவளை விட்டுவிடுவது என்று அப்பா அன்றே முடிவு செய்தார். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. பயந்த மனிதரிடம் எதிர்வாதம் செய்ய எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பார்க்க அம்மாவை என் ஸ்கூட்டரில் அழைத்துப்போனேன். ஆற்றுப் பாலத்தில் மெதுவாகப் போகச் சொன்னாள். கரையேற்றிய ஃபைபர் படகின் மேல் யாரோ சட்டை ஒன்றைக் காயப் போட்டிருப்பதையும், நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்தபடி கம்பத்தில் நிற்பதையும், எங்களைத் தாண்டிப் போன பைக்கில் ஒரு பெண் மடியில் பிரஷர் குக்கரைக் குழந்தைபோல் அணைத்திருப்பதையும் என் தோளில் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள். இவ்வளவு பார்க்கிற கண்ணுக்கு எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழி ஏன் படவில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. சித்தி வீட்டில் காபி குடித்தோம். சித்தி அன்பாகத்தான் பேசினாள். சன்னலோரம் ஒரு நாற்காலியைக் காட்டி, வெளிச்சமும் காற்றும் நன்றாக வரும், அக்கா பகலெல்லாம் இங்கே உட்கார்ந்துகொள்ளலாம் என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் என் காதருகே சொன்னாள்: “அங்க உக்கார வெச்சீங்கன்னா நான் உக்காந்த எடத்துலயே முடிஞ்சிடுவேன் பாப்பா. உங்கப்பாகிட்ட சொல்லாத. நீ ஏதாவது பண்ணு.”

நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சிறு வயதிலிருந்தே அதிகம் பேசாமல் நடப்பவள் நான். பேசாமல் நடப்பவர்களுக்குக் கண் நிறைய வேலை செய்யும். எங்கள் தெருக்களில் எது எங்கே இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். பழந்தமிழில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. போய்வந்தவன், போகவேண்டியவனுக்கு வழி சொல்வது. இந்தக் குன்றைக் கடந்தால் இந்த ஊர், அங்கே இந்த மரம் என்று, காட்சிகளாலேயே பாதை போடுவது. அதை நான் பாடமாகப் படித்துக்கொண்டிருந்த பருவம் அது. என் அம்மாவுக்கு அப்படி ஒரு பாதையைப் போட்டுக் கொடுக்க முடியும் என்று நம்பினேன்.

தெருப்பெயர்ப் பலகைகள் உதவவில்லை. அம்மா அவற்றைப் பிழையில்லாமல் படிப்பாள். படித்துவிட்டு அங்கேயே நிற்பாள். முதல் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்ற பெயர்கள் அவளை எந்தப் பக்கமும் நகர்த்தவில்லை. ஒரு காட்சியை ஒரு கையோடு முடிந்து கொடுத்தால் மட்டும் அது அவளிடம் தங்கியது. எனவே மூன்று காட்சிகளைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் தெரு முடியும் இடத்தில், ஒரு வீட்டு மொட்டைமாடிச் சுவரின் மேல், கால் ஒடிந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைக் கண்டால் இடப்பக்கம். அடுத்த முனையில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு கேட், அங்கே வலப்பக்கம். பிறகு, கட்டிக்கொண்டிருக்கும் வீடு ஒன்றின் முகப்பில் திருஷ்டிக்காகக் கட்டித் தொங்கவிட்ட, மீசை வரைந்த பூசணிக்காய். அதைத் தாண்டி நேராக நடந்தால் கடலூர் சாலையும் பரிசோதனை நிலையமும்.

மாலைகளில் இதை நடந்து பழகினோம். அம்மா என் முறையைக் கேலி செய்யாமல் ஒரு நாளும் நடந்ததில்லை.

“வழி சொல்றியா, விடுகதை போடுறியா?” என்பாள். “ரெண்டு வருஷம் படிச்சு, ஒடைஞ்ச நாற்காலிய கண்டுபுடிச்சிருக்குது எம்பொண்ணு.”

வலம் இடம் என்ற என் சொற்களை அவள் உடனே மாற்றிவிட்டாள். சிவப்பு நாற்காலிக்குப் பீச்சாங்கை, பச்சை கேட்டுக்குச் சோத்தாங்கை, மீசைக்காரனுக்கு நேராக. அந்தப் பூசணிக்காய்க்கு மீசைக்காரன் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். திரும்பி வரும் வழி வேறு சிக்கல். போகும்போது பார்த்த தெருவும் வரும்போது பார்க்கும் தெருவும் ஒன்றல்ல என்பதை நானே அப்போதுதான் கவனித்தேன். சுவரின் மறுபக்கம் வேறு நிறம். மரத்தின் மறுபக்கம் கிளையே இல்லை. நல்லவேளையாக மூன்று அடையாளங்களும் இரு புறமிருந்தும் தெரிந்தன. கைகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். அதையும் அவள் பழகினாள்.

யாரையாவது வழி கேட்டால் என்ன என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். நின்று என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆகி வந்த நாள் முதலாகக் குடியிருக்கும் தெருவுக்குத் தானே வழி கேட்பதா என்றாள். பிறகு நான் அதைக் கேட்கவில்லை.

மார்கழி பிறந்ததும் அவள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். அரை நாள் மட்டும். முதல் சில நாட்கள் அவளுக்குத் தெரியாமல் பின்னால் போனேன். நாற்காலிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, இடக்கையை லேசாக உயர்த்தி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திரும்புவாள். பின்னால் வருகிறேன் என்பதைக் கண்டுபிடித்துவிட்டு, “போலீசு வேலைக்குப் படிச்சிருக்கலாம் நீ” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அதற்குப் பிறகு போகவில்லை.

அந்த மார்கழி நன்றாக இருந்தது. மாலையில் நான் வீடு திரும்பினால் அவள் என்னிடம் சொல்ல ஏதாவது வைத்திருப்பாள். மீசைக்காரனின் ஒரு கண் மழையில் கரைந்து அழுவதுபோல் ஆகிவிட்டது. இஸ்திரி வண்டிக்காரரின் மேசைக்கடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது. பரங்கிப்பூ வைத்த கோலத்தை ஒரு கன்றுக்குட்டி பூவோடு தின்றுவிட்டது. அப்பாகூட ஒரு நாள் சிரித்தார். சித்தி வீட்டுச் சன்னலைப் பற்றி யாரும் பேசவில்லை.

பொங்கல் நெருங்கியது. வேலை முடித்து வந்த அப்பாவின் முழங்கைகளில் நிறத் துளிகள் கூடிக்கொண்டே போயின. போகிக்கு முன் ஊரே வெள்ளையடிக்கும். பழைய பெயின்ட்டைச் சுரண்டுவார்கள், சுண்ணாம்பு நீற்றுவார்கள், கம்பிகளுக்கு நிறம் பூசுவார்கள். என் வாழ்நாள் முழுவதும் அதைப் பார்த்து வந்திருக்கிறேன். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும்கூட. கல்லூரிக்குப் புறப்பட்ட ஒரு காலையில், கிளிப்பச்சை கேட்டின் முன் ஒருவர் உட்கார்ந்து உப்புத்தாளால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தரையில் பச்சைத் தூள் உதிர்ந்து கிடந்தது.

ஸ்கூட்டரை நிறுத்தினேன். அறிமுகமில்லாதவர்களிடம் பேசுவது எனக்கு எப்போதும் எளிதல்ல. வாசலில் நின்ற அந்த வீட்டு அம்மாளிடம் என்ன சொல்வது? உங்கள் கேட்டுக்கு நிறம் அடிக்காதீர்கள், என் அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்கிறாள் என்றா? ஏறக்குறைய அதைத்தான் சொன்னேன், வரிசை தவறி, முதலில் மூளையில் தொடங்கி, கடைசியில் கேட்டுக்கு வந்து. அவர் இடையில் பேசாமல் முழுவதையும் கேட்டார்.

“பெரிய பொண்ணுக்குத் தலைப்பொங்கல் பாப்பா,” என்றார். “மாப்பிள வீட்டுலேந்து எல்லாரும் வராங்க. இந்தப் பச்சைய வெச்சிக்கிட்டு நான் எப்படி நிக்கறது, நீயே சொல்லு.”

தலைப்பொங்கலுக்கு வரும் மாப்பிள்ளையை உரிந்த கேட்டோடு வரவேற்கச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு? அவரே சற்று யோசித்துவிட்டு, அம்மா வேலை முடிந்து வரும் நேரத்தில் தானே வாசலில் நின்று கை காட்டுவதாகச் சொன்னார். நன்றி சொன்னேன். இரவு அப்பாவிடம் அந்தக் கேட்டைப் பற்றிச் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அந்த வீட்டுக்கு நிறம் கலந்து கொடுத்தவரே அவர்தான். சந்தன நிறம். இந்த வருஷம் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார். எல்லாரும் என்றால் எந்தெந்த வீடு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் நடந்தபோது தெரிந்தது. எங்கள் பக்கத்துத் தெருக்கள் ஒவ்வொன்றாக ஒரே முகம் கொள்ளத் தொடங்கியிருந்தன.

அந்த ஞாயிறு மாலை கால்வாய்க்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்துத் தெருக்களில் தனியாக நடந்தேன். வெளியூர்க்காரர்கள் காகிதப்பூக் கொடிக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சுவர்களின் மஞ்சள் மாறுவதில்லை. புதிதாகப் பூசினாலும் அதே மஞ்சளைத்தான் பூசுகிறார்கள். எங்கள் வீடு இந்தத் தெருக்களில் ஒன்றில் இருந்திருந்தால் அம்மா ஆயுசு முழுக்க வழி தவறாமல் நடந்திருப்பாள் என்று நினைத்தேன். நினைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வீட்டுக்குத் திரும்பினேன்.

போகிக்கு முந்தைய நாள் வகுப்பில் நான் கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. பொங்கல் முடியும்வரை போக வேண்டாம் என்று அம்மாவிடம் முந்தின இரவே சொல்லியிருந்தேன். நிலையத்தில் இன்னொரு பெண் ஊருக்குப் போய்விட்டாள், தான் போகாவிட்டால் ஆளில்லை என்றாள் அம்மா. தன்னை ஓரிடத்தில் தேடுவார்கள் என்பதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்த பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. காலையில் அவளே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்தது.

வகுப்பு முடிந்து கைப்பேசியைத் திறந்தபோது அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாக வந்திருந்தது. அவளுடையது பட்டன் போன். பேச மட்டும்தான் முடியும். கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“எங்கம்மா இருக்க?”

“ஒரு வேப்பமரம் இருக்குது. மரத்துல ஆணியடிச்சு டியூஷன் போர்டு மாட்டியிருக்காங்க. பக்கத்துல பாதி இடிச்ச செவுரு. செவுத்து மேல ஒரு பழைய சிங்க்கு, அதுல துளசி வெச்சிருக்காங்க.”

“ரோடு பேரு ஏதாவது இருக்கா பாரு.”

“நான் பாக்கறதத்தான் சொல்றேன் பாப்பா.” அவள் குரல் சீராகத்தான் இருந்தது. “ஒரு வெள்ள நாய் இருக்குது. காதுல சுண்ணாம்பு ஒட்டியிருக்குது.”

இதைவிடத் துல்லியமாக ஓரிடத்தை யாரும் விவரித்துவிட முடியாது. அந்த வேப்பமரத்தை, அந்தத் துளசியை, அந்த நாயின் காதை நான் கண் முன் காண முடிந்தது. அவற்றை வைத்துக்கொண்டு லாஸ்பேட்டையில் நின்ற என்னால் ஓர் அடிகூட நகர முடியவில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால் போனைக் கொடு என்றேன். கொடுக்க மாட்டேன் என்றாள். பைத்தியம் என்று நினைப்பார்களாம். மீண்டும் கேட்டேன். அவளுடைய மூச்சும் எங்கோ இரும்பு தட்டும் ஓசையும் கேட்டன. வெகுநேரம் கழித்து ஓர் ஆண்குரல் வந்தது.

“பாப்பா, நான் பழைய சாமான் கடைக்காரன். அரியாங்குப்பம் பாலத்துக்கு இந்தாண்ட. உங்கம்மா என் வண்டி பின்னாடியே வந்துட்டாங்கம்மா. தண்ணி குடுத்து உக்கார வெச்சிருக்கேன். பதறாம வா.”

அப்பாவுக்குச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். கடைத்தெருவெங்கும் கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்துகளும் சாலைவரை இறங்கியிருந்தன. எல்லா வண்டிகளும் ஊர்ந்தன. கண்ணில் படுவதையெல்லாம் கண் எடுத்துக்கொண்டே வந்தது. பானைகளுக்கு நடுவே தூங்கும் குழந்தை, கரும்புத் தோகையை மெல்லும் ஆடு. பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

கடையில் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றின் மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது. வாசலில் நின்ற மூன்று சக்கர வண்டியில், உடைந்த குடங்களுக்கும் துருப்பிடித்த கட்டில் சட்டங்களுக்கும் மேலே, கால் ஒடிந்த சிவப்பு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

நடந்தது அப்போது எனக்குப் புரிந்தது. மீசைக்காரன் தன் இடத்தில் இருந்திருக்கிறான். சந்தன கேட்டின் வாசலில் அந்த அம்மாள் சொன்னபடியே நின்று கை காட்டியிருக்கிறார். எங்கள் தெரு முனைக்கு வந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் மொட்டைமாடிச் சுவர் காலியாக, புதுச் சுண்ணாம்போடு இருந்திருக்கிறது. போகிக்குக் கழித்ததை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கேட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நான் நாற்காலியை நினைக்கவில்லை. குப்பை என்று யாரும் தொடாமல் விட்டிருந்ததைக் குப்பை கழிக்கும் நாளில் கழிப்பார்கள் என்பது தமிழ் வீட்டில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்திதான்.

“வண்டியில போவுதுன்னு தெரியலியாம்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“தெரியாம என்ன,” என்றாள் அம்மா. “நல்லாத் தெரிஞ்சுது. ஆனா அந்த முனையில எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதுவும் போவுதேன்னு கூடவே போனேன்.”

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வண்டியை மிதிக்கும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்ததாகவும், ஏதோ போட மறந்த சாமானுக்காக அந்த அம்மா வருகிறார் என்று நினைத்ததாகவும் என்னிடம் சொன்னார். நாற்காலி வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். வேண்டாம் என்றேன். அதை எந்தச் சுவரில் வைப்பது?

அப்பா வந்தார். கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார். முழங்கை முழுவதும் சந்தன நிறம் உலர்ந்திருந்தது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்து நான் இடையில் வந்து நின்றேன். அவர் அம்மாவின் செருப்பு வார் அறுந்திருப்பதைப் பார்த்தார். குனிந்து அதைச் சேர்த்து ஒரு கம்பித்துண்டால் முறுக்கிவிட்டார்.

“ஏறு, போலாம்,” என்றார்.

அம்மா அவருடைய பைக்கில் ஏறினாள். வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று மூவருக்கும் தெரியும். அன்று அது வீட்டுக்குத்தான் திரும்பியது. பொங்கல் கழித்து மறுபக்கம், சித்தி வீட்டுக்குத் திரும்பியது. பரிசோதனை நிலையத்திலிருந்து ஒருமுறை போன் வந்தது. அப்பா பேசினார். அதன்பின் வரவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அம்மா எதிர்பார்த்தாள் என நினைக்கிறேன். சொல்ல என்னிடம் புதிய அடையாளம் எதுவும் இல்லை. எதைக் காட்டினாலும் அடுத்த போகிவரைதான். அதுவரைகூட நிற்கும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது.

இப்போது காலையில் அப்பா கடைக்குப் போகுமுன் அவளை அரியாங்குப்பத்தில் விடுகிறார். மாலை நான் போய் அழைத்து வருகிறேன். மீசைக்காரன் இருந்த வீட்டில் கிரகப்பிரவேசம் முடிந்துவிட்டது. நான் அந்த மூன்று தெருக்களில் இன்றும் நடக்கிறேன். ஒவ்வொரு முனையிலும் என் கைகளில் ஒன்று தானாக லேசாக உயர்கிறது.

மதியம் சில நாட்களில் அம்மா போன் செய்வாள். சித்தி வீட்டுச் சன்னலில் தெரிவதைச் சொல்வாள். எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒரு காகம் அப்பளத்தை நனைத்துத் தின்கிறது. மீன்காரப் பெண்மணி கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்கிறாள். நான் கேட்டுக்கொள்வேன். சென்ற வாரம் ஒரு நாள், சொல்லி முடித்துவிட்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். பச்சை கேட் இருந்த வீட்டின் எதிரில் நிற்கிறேன் என்றேன்.

“சந்தனக் கலரு,” என்றாள். “உங்கப்பா கலந்தது. நல்லாருக்குதா?”

வெயிலில் பார்த்தேன். ஒரு திட்டுகூட இல்லாமல் சீராகப் பிடித்திருந்தது.

“நல்லாத்தான் இருக்குதும்மா,” என்றேன்.